மூன்று ஸ்ப்ரெடர் போய்விட்டன, நாலாவதையாவது பார்த்து வாங்குவது எப்படி?

பச்சைப்பாய் கேட்கிறார்:

வணக்கம். வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 600 சதுர மீட்டர் புல்தரை வைத்திருக்கிறேன். உரம் போட, தள்ளிக்கொண்டே போய் விசிறித் தூவுகிற ஸ்ப்ரெடர்தான் வைத்துக்கொள்வது வழக்கம். ஆறு வருஷத்தில் மூன்று போய்விட்டன.

முதலாவதில், தொட்டியின் அடியில் உரம் விழுகிற திறப்பை இழுக்கிற கேபிள் அறுந்தது. அதற்கு மாற்றுக் கேபிளே கிடைக்கவில்லை, தூக்கிப் போட்டேன். இரண்டாவதில் கால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, உரம் நிரப்பித் தூக்கும்போது கையோடு வந்துவிட்டது. மூன்றாவது கதைதான் பெரிய கதை. போன ஞாயிற்றுக்கிழமை யூரியா நிரப்பித் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் சுழல்கிறது, அடியில் உரத்தை விசிறுகிற தட்டு சுழலவில்லை. எனக்கு அது தெரியவே இல்லை. நாலு வரிசை போய்த் திரும்பிப் பார்த்தால், நான் வந்த வழியெல்லாம் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. துடைப்பத்தால் கூட்டினேன், கையால் பொறுக்கினேன், மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டேன். இன்று காலை மாடியிலிருந்து பார்த்தால் தரை முழுக்க மஞ்சள் கோடு, நாலு கோடு நோட்டு மாதிரி. என் மகள் அதில் எழுத்து எழுதலாமா என்று கேட்கிறாள்.

இனி வாங்கினால் பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். பெரிய தொட்டி, தடித்த பிளாஸ்டிக், ‘தொழில்முறை ரகம்’ என்று மேலே எழுதியிருப்பது, இதையெல்லாம் நம்பலாமா? நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?


காலைநடை:

600 சதுர மீட்டருக்குச் சக்கர வண்டியே வேண்டாம் என்பேன். தோளில் மாட்டிக்கொண்டு கையால் சுற்றுகிற பை ஒன்று வாங்குங்கள். கழற்றிப் பூட்ட அதில் ஒன்றும் இல்லை. என்னுடையது ஒன்பது வருஷமாக ஓடுகிறது. சுற்றுகிற வேகமும் நடக்கிற வேகமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை எனக்கும் புல் புலித்தோல் மாதிரிதான் வந்தது.


பழையதிருப்புளி:

கைப்பை 100, 150 சதுர மீட்டருக்குச் சரி. 600 என்றால் பாதியிலேயே தோள் வலித்து வேகம் மாறும், வேகம் மாறினால் கோடு விழும். இவருக்குக் கோடு போதும் போதும் என்றாகிவிட்டது.

பச்சைப்பாய், நான் பதினான்கு வருஷமாக இந்த வண்டிகளைத் தள்ளியும் கழற்றியும் பிழைக்கிறவன். தொட்டியைப் பார்த்து ஸ்ப்ரெடர் வாங்காதீர்கள். நின்றபடி பார்க்கிறவன் கண்ணில் படுவது தொட்டிதான், அதனால் அழகையெல்லாம் அங்கேதான் வைக்கிறார்கள். தொட்டி உடைந்து என்னிடம் வந்த வண்டி இரண்டோ மூன்றோ இருக்கும். மற்றதெல்லாம் கட்டைவிரலைவிடச் சின்ன சாமான் போய் வந்ததுதான்.

ஆகவே முதல் வேலையாக வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கூச்சமே வேண்டாம். கவிழ்க்க விடாத இடத்தில் வாங்கவும் வேண்டாம்.

கவிழ்த்தால் என்ன தெரியும்? சக்கரம் சுழன்றால் அச்சு சுழலும். அச்சின் நடுவில் ஒரு ஜோடிப் பல்சக்கரம். அது நிமிர்ந்து நிற்கிற தண்டைச் சுழற்றும். தண்டின்மேல் தட்டு, தண்டு இன்னும் மேலே போய்த் தொட்டிக்குள் எட்டிப்பார்க்கிற இடத்தில் ஒரு கலக்கிக் கம்பி. நாம் சாதாரணமாக நடக்கிற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட வராது. அந்த நடைக்கு 25 சென்டிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் நூறு சுற்றுதான் சுற்றும். அதை வைத்துக்கொண்டு உரத்தை இரண்டு மீட்டர் தெறிக்க வைக்க முடியாது. எனவே பல்சக்கரம் அந்த வேகத்தைப் பல மடங்காக்கித் தட்டுக்குக் கொடுக்கிறது.

வேகத்தைக் கூட்டுகிற பல்சக்கரத்தில் ஒரு சங்கடம் உண்டு. மேலே கொஞ்சம் சிக்கினால் கீழே அது பல மடங்கு பாரமாக இறங்கும். ஈரம் பட்டுக் கல்லாகிப்போன உரக்கட்டி ஒன்று கலக்கிக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். நமக்கு அது தெரியாது, ‘ஏன் இன்று கனமாக இருக்கிறது’ என்று இன்னும் அழுத்தித் தள்ளுவோம். அந்த அழுத்தம் முழுவதும் போய் ஒரே ஒரு பல்லின்மேல் உட்காரும். ஒன்று பல் போகும், இல்லை தட்டைத் தண்டோடு பிடித்திருக்கிற ‘பின்’ என்கிற சின்ன முளை அறுந்துபோகும். பின் அறுந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

அதனால் பல்சக்கரம் மூடிய பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து கிடந்தால் சக்கரம் வாரி அடிக்கிற மணலும் மேலிருந்து உதிர்கிற உரத்தூளும் கிரீஸோடு சேர்ந்து, சாணை பிடிக்கிற பசை மாதிரி ஆகிவிடும். உலோகமா நைலானா என்ற சண்டைக்கு நான் வருவதில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கிற நல்ல நைலான், திறந்து கிடக்கிற இரும்பைவிட வீட்டுத் தோட்டத்தில் அதிக நாள் ஓடும். நாள் முழுக்கத் தள்ளுகிற எனக்கு உலோகம்தான் வேண்டும், அது வேறு.

அப்புறம், தட்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இருக்கட்டும். புது வண்டியிலேயே கால் சுற்று ஆடினால் நகர்ந்துவிடுங்கள். எந்தச் சக்கரத்தை ஆட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பல வண்டிகளில் ஒரு சக்கரம்தான் அச்சோடு பூட்டியிருக்கும், மற்றது சும்மா சுழலும். அது குறையல்ல, திருப்புவதற்காக அப்படிச் செய்வது.

அச்சு சட்டத்துக்குள் நுழைகிற ஓட்டையையும் பாருங்கள். வெறும் தகட்டில் துளை போட்டு அச்சை நுழைத்திருந்தால், இரண்டு மூன்று பருவத்தில் அந்தத் துளை முட்டை வடிவமாகிவிடும். அச்சு இறங்கினால் பல்லும் பல்லும் சரியாகக் கடிக்காது. துளைக்குள் அச்சைத் தாங்குகிற வளையமான புஷ்ஷோ, பேரிங்கோ இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, உங்கள் முதல் வண்டி சொல்லிக்கொடுத்தது: உதிரிபாகம். ஒவ்வொரு சாமானுக்கும் எண் போட்ட படம் கையேட்டில் இருக்கிறதா, கேபிளும் தட்டும் பல்சக்கரமும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அது பத்து வருஷ வண்டி அல்ல. ‘தொழில்முறை ரகம்’ என்கிற எழுத்து ஒரு ஸ்டிக்கர், வேறொன்றும் இல்லை.


பச்சைப்பாய்:

கவிழ்த்துப் பார்ப்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. மூன்று தடவையும் தொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், மண்பானை வாங்குகிற மாதிரி.

இரண்டு சந்தேகம். சக்கரம் காற்றடிக்கிற டயரா, கெட்டிப் பிளாஸ்டிக்கா? சட்டம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருக்கவலை அடியோடு விட்டதா?


பழையதிருப்புளி:

காற்றடிக்கிற டயர், அதிலும் பெரியது. மேடுபள்ளத்தில் வண்டி குதிக்காது என்பது எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு. தட்டைச் சுழற்றுவது சக்கரம் ஒன்றுதான், மோட்டார் கிடையாது. காலையில் பனி ஈரத்தோடு இருக்கிற புல்லில் வழுவழுப்பான பிளாஸ்டிக் சக்கரம் சுழலாமல் சறுக்கிக்கொண்டு போகும். சறுக்குகிற நேரமெல்லாம் தட்டு நிற்கும், ஆனால் திறப்பு திறந்தே இருக்கும். உரம் கும்பலாக விழும்.

பெரிய சக்கரம் ஏன் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 600 சதுர மீட்டரில் இரண்டு மீட்டருக்கு ஒரு வரிசை போனால் மொத்தம் 300 மீட்டர் நடை. 25 சென்டிமீட்டர் சக்கரம் அதற்குச் சுமார் 380 சுற்று சுற்றும். 33 சென்டிமீட்டர், அதாவது 13 அங்குலச் சக்கரம் 290 சுற்றில் முடித்துவிடும். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் அவ்வளவு தேய்மானம் மிச்சம். தள்ளுகிற கைக்கும் லேசு.

டயரில் முள் குத்தும், காற்று இறங்கும், உண்மைதான். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் வண்டி சாய்ந்து தூவலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். தள்ளுமுன் அழுத்திப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் விஷயத்தை ஓரக்கல் சொல்லட்டும், அவர் பட்டவர்.


ஓரக்கல்:

கூப்பிட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் என்று பெருமையாக வாங்கி, பொட்டாஷ் போட்ட தொட்டியைக் கழுவாமல் ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்தேன். எடுத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. பொட்டாஷ் என்று நாம் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடுக்கு 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ரகம் முழுசாகத் தாங்காது. 316 அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் இந்த மாதிரி வண்டியில் 316 பார்ப்பது அபூர்வம். சட்டம் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்து போல்ட்டும் நட்டும் சாதாரண இரும்பாக இருக்கிற வண்டியும் பார்த்திருக்கிறேன். துரு அந்த நட்டில்தான் ஆரம்பிக்கும். ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். 304 பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாகப் பிடிக்கலாம். நட்டெல்லாம் ‘டக்’கென்று ஒட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

பவுடர் கோட்டிங் போட்ட இரும்பும் மோசமில்லை, கீறல் விழாத வரைக்கும். கீறிய இடத்தில் அன்றே பெயின்ட் தொட்டுவிட வேண்டும். குழாய்க்கால் என்றால் நுனியில் மூடி இருக்கிறதா பாருங்கள். உங்கள் இரண்டாவது வண்டி உள்ளிருந்து துருப்பிடித்ததற்குக் காரணம், குழாய்க்குள் உரத்தண்ணீர் போய் வெளியே வர வழியில்லாமல் நின்றதாகத்தான் இருக்கும்.

ஆனால் எந்த உலோகமானாலும் கழுவாவிட்டால் கதை முடிந்தது. யூரியா 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் சுமார் 73 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீர் இழுக்கும். மூடிய அறையில் வைத்தாலும், மூலையில் ஒட்டியிருக்கிற ஒரு பிடி யூரியா ராத்திரியில் கசிந்து சட்டத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உரம் தூவிய அன்றே மிச்சத்தைப் பைக்குத் திருப்பிவிட்டு, குழாய்த் தண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு நிழலில் வைக்க வேண்டும். வெயிலிலேயே போட்டுவைத்தால் பிளாஸ்டிக் தொட்டி முறுகிப்போகும். திறப்பைத் திறந்த நிலையில் வையுங்கள். மூடிவைத்தால் மிச்சத் தூள் அதைச் சிமென்ட் பூசினது போல் ஒட்டவைத்துவிடும், அடுத்த தடவை இழுக்கிற இழுப்பில் கேபிள் போகும். காய்ந்த பிறகு திறப்பிலும் தட்டிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் போதும்.


பழையதிருப்புளி:

எல்லாம் சரி, எண்ணெயில் மட்டும் உடன்பட மாட்டேன். திறப்பில் எண்ணெய் தடவினால் உரத்தூள் அப்பிக்கொண்டு அடுத்த வாரமே களிமண்ணாகும். தட்டில் தடவினால் குருணை வழுக்காமல் ஒட்டும், ஒட்டினால் தூவல் ஒரு பக்கம் சாயும். அங்கே உலர்ந்த சிலிகான் ஸ்பிரேயோ கிராஃபைட் தூளோ மட்டும். கிரீஸ், எண்ணெய் எல்லாம் அச்சுக்கும் புஷ்ஷுக்கும்.

கழுவுவதில் இன்னொன்று. அழுத்தமாகப் பீய்ச்சுகிற பம்பை வைத்துக் கழுவாதீர்கள். வேலையில் சேர்ந்த புதிதில், சுத்தமாக இருக்கட்டும் என்று கியர்பெட்டிக்கு நேராகப் பிடித்து அடித்தேன். கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. மூன்று மாதத்தில் நறநற என்று சத்தம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கழற்றி உள்ளே இருந்ததை ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.


காலைநடை:

எல்லோரும் கழற்றி மாட்டுவதையே பேசுகிறீர்கள். புது வண்டி வந்ததும் முதல் நாள் திறப்பை என்ன எண்ணில் வைத்துத் தூவுவது? உரப்பையில் ஒரு எண், வண்டிக் கையேட்டில் ஒரு எண்.


பழையதிருப்புளி:

பையில் இருக்கிற எண் வேறு ஏதோ வண்டிக்கு. ஒரு கம்பெனியின் 5ம் இன்னொரு கம்பெனியின் 5ம் ஒன்றல்ல. ஒரே கம்பெனியின் பழைய வண்டியில் திறப்பு தேய்ந்திருந்தால் அதுவும் ஒன்றல்ல. அளந்துதான் வைக்க வேண்டும்.

சமையலறையில் இருக்கிற அகலமான தட்டுகளை, வண்டி போகிற பாதைக்குக் குறுக்கே ஒரே வரிசையில், அரை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். சக்கரம் போக மட்டும் நடுவில் வழி. அதன்மேல் ஒரே திசையில் நாலைந்து தடவை தூவிக்கொண்டு போங்கள். தட்டுகளில் விழுந்ததை ஒரே மாதிரிக் கண்ணாடிக் குப்பிகளில் கொட்டி வரிசையாக நிறுத்தினால் தூவல் எப்படி விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நடுவில் அதிகம், ஓரம் போகப்போகக் குறைவு. நடுவில் விழுவதில் பாதி விழுகிற இடம் இடதுபுறம் எங்கே, வலதுபுறம் எங்கே என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் வரிசை இடைவெளி. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சமமாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் விழுந்தால் வண்டி சாய்ந்திருக்கிறது, அல்லது தட்டு அழுக்கு, அல்லது நடை வேகம் சரியில்லை.

அப்புறம் அளவு. இடைவெளி 2 மீட்டர் என்றால் 50 மீட்டர் நடை 100 சதுர மீட்டர். 5 கிலோ போட்டு, 50 மீட்டர் நடந்து, மிச்சத்தை நிறுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் 100 சதுர மீட்டருக்கு விழுந்தது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதனால் 1 கிலோ குறைந்திருந்தால் சதுர மீட்டருக்கு 4.6 கிராம் தழைச்சத்து விழுந்திருக்கிறது. பலருக்கு ஒரு தடவைக்கு அதுவே உச்சம். நான் அதில் பாதிக்குத் திறப்பை வைத்து, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை போவேன். கால் கொஞ்சம் தப்பினாலும் கோடு தெரியாது.

நடக்க ஆரம்பித்த பிறகு திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்னால் மூட வேண்டும். தொட்டியை நிரப்புவது புல்லின்மேல் அல்ல, சிமென்ட் தரையில். திறப்பை மூடிக்கொண்டு ரொம்ப தூரம் தள்ளாதீர்கள், கலக்கிக் கம்பி உள்ளேயே குருணையை அரைத்து மாவாக்கும். விதையையும் உரத்தையும் கலந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கனமான குருணை தூரம் போகும், லேசான விதை பக்கத்திலேயே விழும். அவரவர் புல், அவரவர் விருப்பம்.


பச்சைப்பாய்:

இன்று மூன்றாவது வண்டியைக் கவிழ்த்தேன். புதிது வாங்குமுன் பழையதில் பாடம் படிக்கலாம் என்று.

பல்சக்கரத்தில் ஒரு பல்கூடப் போகவில்லை. பெட்டி மூடியதுதான், கிரீஸ் மட்டும் காய்ந்து காவி நிறத்தில் இருந்தது. தட்டைப் பிடித்திருந்த பின்தான் அறுந்திருக்கிறது. பாதி தண்டுக்குள்ளேயே இருக்கிறது, பாதி காணோம். தொட்டிக்குள் கலக்கிக் கம்பிக்கடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு யூரியாக் கட்டி. நீங்கள் சொன்னதை யாரோ உள்ளே கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது.

அச்சுத் துளையில் புஷ் இருக்கிறது, முட்டை வடிவமெல்லாம் ஆகவில்லை. சக்கரம் மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக். அப்படியானால் இதையே சரிசெய்து ஓட்டலாம் போலிருக்கிறதே? பின்னுக்குப் பதிலாக என்னிடம் இருக்கிற ஒரு கடின ரக போல்ட்டைப் போட்டு இறுக்கிவிடலாமா? இனிமேல் அறுகவே அறுகாது.

மஞ்சள் கோடுகளுக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?


பழையதிருப்புளி:

போல்ட் போடவே போடாதீர்கள். அடுத்த கட்டி மாட்டும்போது போல்ட் அறுகாது, பல் போகும். பின் அறுந்ததால்தான் உங்கள் கியர் இன்று முழுசாக இருக்கிறது.

மிச்சத் துண்டைத் துளையைவிடச் சன்னமான கம்பி வைத்து மெதுவாகத் தட்டி எடுங்கள். அளவுக்குத் துண்டை அளக்காதீர்கள், துளையை அளங்கள். நீள்வாக்கில் பிளவு உள்ள சுருள்பின் என்றால், வெளியே எடுத்ததும் விரிந்து துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நீளம், தட்டின் கழுத்து எவ்வளவு தடிமனோ அவ்வளவு, இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காய்ந்த கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். தொட்டிக்குள் ஒரு கம்பி வலை போட்டு அதன் வழியாக உரத்தைக் கொட்டினால் கட்டி உள்ளே போகாது. ஈரப் புல்லில் மட்டும் தள்ளாதீர்கள், அந்தச் சக்கரத்துக்கு அது ஆகாது.

கோடுகளுக்கு இன்னும் நாலைந்து நாள் நன்றாக ஆழத் தண்ணீர் விடுங்கள். பிறகு புல்லின் அடிக்குருத்தைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் தானே வந்துவிடும். பழுப்பாகி நசுங்கினால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி விதை போட வேண்டியதுதான்.

பின் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை வண்டியின் கைப்பிடியிலேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.


பச்சைப்பாய்:

மூன்றாக வாங்கிவிட்டேன். ஒன்றை மகள் எடுத்துப் பென்சில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.